எடை இறங்காமல் நின்றுவிட்டால்: குறைத்து உண்பதா, கூடுதலாக நடப்பதா, தட்டை மாற்றுவதா?

மாதக்கணக்கில் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த உடல் எடை ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டால், நம்மில் பெரும்பாலோர் முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறோம். அது பலிக்காவிட்டால் காலை நடையை இன்னும் அரை மணி நேரம் நீட்டுகிறோம். இதுவரை எடையைக் குறைத்துத் தந்தவை இவையே என்பதால் இவற்றையே இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் எட்டுப் பத்துக் கிலோ இழந்த உடலுக்குத் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கலோரிச் செலவு குறைவு, பசி அதிகம். ஆகவே வழிகளை ஒப்பிடும்போது எது வேகமாகக் குறைக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. குறைவது கொழுப்பா தசையா என்றும், குறைந்த பிறகு அதே முறையை ஆண்டுக்கணக்கில் தொடர முடியுமா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால், பலரும் கடைசியில் நினைத்துப் பார்க்கும் வழி, அதாவது தட்டில் புரதத்தைக் கூட்டிக்கொண்டு வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்குவது போன்ற வலுப் பயிற்சி செய்வது, பட்டியலின் தலைக்கு வந்துவிடுகிறது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

கணக்குக்கு வசதியாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 158 செ.மீ., நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்யும் பெண். 78 கிலோவில் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி என்ற திட்டத்தில் 70 கிலோவுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டார். அவருடைய உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 31-இலிருந்து 28-க்கு வந்திருக்கிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று வகுத்திருப்பதால், இன்னும் குறைக்க அவர் விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

நின்றது உண்மையிலேயே நின்றதா?

எந்த வழியையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். ஒரு வாரமோ பத்து நாளோ எடை மாறாமல் இருப்பதைத் தேக்கம் என்று சொல்ல முடியாது. கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம், கருவாடு சேர்ந்த ஒரு நாள் சாப்பாட்டின் உப்பும் நீரை நிறுத்தி வைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு எடை ஒன்றிரண்டு கிலோ கூடித் தானாகவே இறங்கும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களின் தசைகள் முதல் சில வாரங்களில் நீர் கோத்துக்கொள்ளும். இத்தனை ஏற்ற இறக்கங்களுக்கு நடுவில் மாதம் ஒரு கிலோ கொழுப்புக் குறைந்தாலும் எடை பார்க்கும் கருவியில் அது தெரியாமல் போகலாம்.

எனவே காலையில் கழிவறை சென்று வந்தபின், உண்பதற்கு முன் தினமும் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் குறித்து வைக்க வேண்டும். நான்கு வாரச் சராசரிகள் ஒரே இடத்தில் நின்றால்தான் அது தேக்கம். கூடவே வாரம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவையும் எடுக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் நாடாவை வைத்து அளப்பதே முறை. இந்தியர்களைப் பொறுத்தவரை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. எடை நின்றிருக்க இடுப்பு குறைந்துகொண்டிருந்தால், எதையும் மாற்ற வேண்டியதில்லை. செய்துகொண்டிருப்பதைத் தொடர்ந்தாலே போதும்.

இடுப்பளவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு நம் உடல்வாகு ஒரு காரணம். புணேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரையுமே சான்றாகக் காட்டினார்கள்: இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை ஒன்றாக இருந்தும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு. தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகவும் வாய்த்த நமக்கு, தசையையும் சேர்த்துக் கரைக்கும் எந்த வழியும் நட்டத்தில்தான் முடியும்.

எடை ஏன் நிற்கிறது

உடல் சிறுத்தால் அதன் செலவும் குறையும். மேலே சொன்ன பெண்ணுக்கு மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி ஓய்வு நிலைச் செலவு 78 கிலோவில் ஏறத்தாழ 1,400 கலோரி, 70 கிலோவில் ஏறத்தாழ 1,320. அன்றாட அசைவுகளையும் சேர்த்தால் முழு நாள் செலவு சுமார் 1,955-இலிருந்து 1,845-ஆக இறங்குகிறது. இதற்கு மேல், எடை குறைந்த உடல் தானாகவே சிக்கனமாகிவிடுகிறது. 1995-இல் லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், எடையில் 10 விழுக்காட்டைக் குறைத்து அங்கேயே நிலைநிறுத்தியவர்களின் செலவு, புதிய உடல் அளவுக்கு எதிர்பார்த்ததைவிடவும் குறைந்திருந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணிபுரிந்த ஆய்வாளர் கெவின் ஹால் தரும் கணக்கில், இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. எட்டுக் கிலோவுக்குச் சுமார் 200 கலோரி என்று கொண்டால், இந்தப் பெண்ணின் இன்றைய செலவு 1,750-ஐ ஒட்டியது.

இப்போது கணக்கில் ஓர் ஓட்டை தெரிகிறது. அவர் இன்னமும் 1,500 கலோரிதான் உண்கிறார் என்றால் நாளொன்றுக்கு 250 கலோரி பற்றாக்குறை இருக்க வேண்டும். எடையும் மெதுவாகவேனும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், அந்த 250 கலோரி எங்கோ தட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்றோ ஏமாற்று என்றோ நினைப்பது தவறு. நீரிழிவு மருந்து ஒன்றால் தங்களை அறியாமலேயே சிறுநீரில் சர்க்கரையை இழந்து எடை குறைந்தவர்களை ஓராண்டு கவனித்ததில், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுதலாக உண்ணும்படி பசி அவர்களை உந்தியது என்று ஹாலின் குழு 2016-இல் கணக்கிட்டது. செலவு குறைவதைப் போல இது மூன்று நான்கு மடங்கு. எட்டுக் கிலோ குறைந்தவர் தினமும் 800 கலோரி அளவுக்கான பசி உந்துதலை எதிர்த்து நிற்கிறார். அதில் 250 கலோரி கசிவதில் வியப்பில்லை. தேக்கத்துக்கு "மெட்டபாலிசம் கெட்டுப்போனது" காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்கின் பெரும்பகுதி பசியின் பக்கம்தான் இருக்கிறது.

கசிவு நம் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கும் சான்று உண்டு. எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை 1992-இல் நியூயார்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் தாங்கள் உண்டதை 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. நம் அடுக்களையில் இந்தக் கசிவு இட்லியிலோ சோற்றிலோ இருப்பதைவிட எண்ணெய், தேங்காய், காபிச் சர்க்கரை, மாலை மிக்சர், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்வது ஆகியவற்றில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நால்வர் கொண்ட வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரி, தாளிப்பிலும் பொரிப்பிலும் மட்டுமே போகிறது. என்ன சாப்பிட்டோம் என்று நினைவிலிருந்து எழுதும் குறிப்பேட்டைவிட மளிகைக் கடைச் சீட்டு நேர்மையானது.

முதல் வழி: இன்னும் குறைத்து உண்பது

1,500 கலோரியிலிருந்து 1,200-க்கு இறங்குவது காகிதத்தில் மிக எளிது. எடையும் கட்டாயம் இறங்கும். மிகக் குறைவாக உண்டால் உடல் பட்டினி நிலைக்குப் போய் எடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்வதில் உண்மை இல்லை. 1944–45-இல் ஆன்செல் கீஸ் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தபோது, அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். எடை இறங்கியது; கூடவே தசை கரைந்தது, கால்கள் வீங்கின, மனம் சோர்ந்தது, சிந்தனை முழுவதையும் உணவே பிடித்துக்கொண்டது.

நம் உணவு முறையில் இந்த வழிக்கு இன்னொரு கேடும் உண்டு. சென்னை நகரில் நடந்த கியூர்ஸ் ஆய்வில், மக்கள் உண்ட கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டப்பட்ட தானியங்களிலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. இத்தகைய தட்டில் புரதம் கலோரியில் பதினொன்று பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. 1,500 கலோரியில் அது சுமார் 41 கிராம். அதே தட்டை அப்படியே சுருக்கி 1,200-க்குக் கொண்டுவந்தால் 33 கிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம் என்பதால் 70 கிலோ எடைக்கு 58 கிராம் வேண்டும். ஏற்கெனவே போதாத புரதத்தை மேலும் குறைத்துவிட்டு எடை இறங்கியது என்று மகிழ்ந்தால், இறங்கியதில் தசையின் பங்கு கணிசமாக இருக்கும். எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத்தீனி ஆகியவற்றிலிருந்து கசியும் 250 கலோரியை அடைப்பதற்கு நான் முழு ஆதரவு. எல்லாவற்றையும் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைப்பதற்கு ஆதரவில்லை.

இரண்டாவது வழி: உண்ணும் நேரத்தைச் சுருக்குவது

எட்டு மணி நேரத்துக்குள் உண்டு பதினாறு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது இப்போது எல்லா வீட்டிலும் பேசப்படுகிறது. இதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. குவாங்சோ நகரில் 139 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு கலோரியை எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களுக்கும் நேரக் கட்டுப்பாடின்றி உண்டவர்களுக்கும் இடையே எடை இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரவு ஒன்பதுக்கு மேல் நொறுக்குத்தீனி தின்னும் பழக்கம் உள்ளவருக்கு இது பயன்படும், ஏனென்றால் அந்த நொறுக்குத்தீனி நிற்கும். காலை உணவைத் தவிர்த்துவிட்டு மதியம் இரட்டிப்பாகச் சோறு உண்பவருக்குப் பயன்படாது. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் இதில் இறங்கக் கூடாது.

மூன்றாவது வழி: நடையைக் கூட்டுவது

70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் கூடுதலாக நடந்தால், அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, சுமார் 90 கலோரி செலவாகும். ஒரு மெது வடையின் கணக்கு ஏறத்தாழ அவ்வளவுதான். நடந்து முடித்துத் தெருமுனைக் கடையில் நண்பர்களோடு வடையும் காபியுமாக நிற்பது நம் ஊர்களில் நடைப்பயிற்சியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டதால், இந்த வரவு செலவு எங்கே போய் முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. வடை தின்னாதவர்களிடத்திலும் ஈடுகட்டல் நடக்கிறது. கட்டுப்பாட்டுடன் நடத்தப்பட்ட உடற்பயிற்சி ஆய்வுகளில், செலவான கலோரியை வைத்து எதிர்பார்த்த எடை இழப்பைவிட உண்மையில் கிடைத்தது குறைவாகவே இருந்திருக்கிறது. பசி கூடுவதும், மீதி நாளில் ஆள் அதிகம் அசையாமல் இருந்துவிடுவதும் காரணங்கள்.

ஆனால் நடையை இந்த ஒரு கணக்கை வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. தேக்கத்தை உடைப்பதில் பலவீனமான நடை, குறைந்த எடையைக் காப்பதில் வலுவானது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், பெரும் எடையைக் குறைத்து அதை நெடுநாள் காத்துவருபவர்களிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கங்களுள் ஒன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர உடலுழைப்பு. உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். ஆக, நடையை இருக்கும் அளவில் தொடரலாம், வசதிப்பட்டால் கூட்டலாம். தேக்கம் அதனாலேயே உடையும் என்று எதிர்பார்த்து மூட்டு வலிக்கும் வரை நீட்ட வேண்டாம்.

நான்காவது வழி: புரதமும் வலுப் பயிற்சியும்

இதை இரண்டு தனி வழிகளாகப் பிரிக்காமல் ஒன்றாகவே வைக்கிறேன்; பிரித்தால் இரண்டுமே பாதிப் பயன்தான் தரும். 2016-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், இளைஞர்களின் தேவையில் 40 விழுக்காடு கலோரியைக் குறைத்து, நான்கு வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், 2.4 கிராம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு கொழுப்பற்ற எடையில் 1.2 கிலோ ஏறவும் செய்தார்கள். கடுமையான பற்றாக்குறையிலும் தசையைக் காக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. ஆய்வில் இருந்தவர்கள் இளைஞர்கள், பயிற்சியோ கடுமையானது என்பதால், 42 வயதுக்காரருக்கு இதே எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது; திசை மட்டும் அதுவேதான்.

புரதத்துக்கு இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 விழுக்காடுதான். இதைவிட முக்கியமானது, ஒரே கலோரிக்கு அது பசியை அதிக நேரம் தாங்குகிறது. தேக்கத்தின் பெரும்பகுதி பசியால் வருகிறது என்று மேலே கண்டோம். அந்த இடத்திலேயே கை வைக்கும் வழி இது ஒன்றுதான். என் வரிசையில் இது முதலில் வருவதற்கு அதுவே காரணம்.

மரக்கறி உண்ணும் வீட்டில் இது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "தினமும் சாம்பார் இருக்கிறதே" என்பார்கள். நீர்க்க வைத்த சாம்பார் இரண்டு கரண்டியில் இருக்கும் பருப்பு மிகச் சொற்பம். 70 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 84 கிராம் வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 150 கிராமில் 13, கெட்டிப் பருப்போ பயறுக் கூட்டோ ஒரு கிண்ணத்தில் 9, உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15, தயிர் 200 கிராமில் 6, பால் ஒரு தம்ளரில் 6, இரண்டு முட்டையில் 12, மீதி நாளின் இட்லி, சோறு, காய்களில் 20 என்று கூட்டினால் 81 வந்துவிடும். முட்டை உண்ணாதவர்கள் 60 கிராம் பனீர் சேர்க்கலாம். மீனோ கோழியோ உண்பவர்களுக்கு 100 கிராமிலேயே 20 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். அவர்கள் கவனிக்க வேண்டியது பொரிக்கும் எண்ணெயை மட்டும்.

இத்தனையையும் பழைய தட்டின்மேல் அடுக்கினால் எடை ஏறும். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கூட்டையும் பொரியலையும் வைப்பது, தோசைக்குப் பதில் சில நாள் பருப்பு கூடிய அடை வார்ப்பது, மாலை மிக்சருக்குப் பதில் சுண்டல் எடுப்பது என்று இடம் மாற்றியே செய்ய வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நெடுநாளாக உள்ளவர்கள் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வலுப் பயிற்சியைப் பற்றி ஒரு மிகைக்கூற்றை முதலில் கழித்துவிட வேண்டும். தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு செலவிடுவது 4 அல்லது 5. இரண்டு கிலோ தசை கூடினாலும், அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய்க்குத்தான் ஈடாகும். இதன் உண்மையான பயன் வேறு: குறையும் எடை கொழுப்பிலிருந்து குறையும்படி செய்கிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது, நாற்பதுக்கு மேல் தேயத் தொடங்கும் தசையைத் தடுத்து நிறுத்துகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது.

கூடத்துக்குப் போய்த்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. பஸ்கி, சுவரில் கை ஊன்றித் தொடங்கிப் படிப்படியாகத் தரைக்கு வரும் தண்டால், ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நிரம்பிய எண்ணெய் கேனைக் குனிந்து இடுப்பு வரை இழுப்பது ஆகிய நான்கையும் கடைசி இரண்டு மூன்று முறை கடினமாகும் அளவுக்குச் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். பளு எளிதாகிவிட்டால் கூட்ட வேண்டும். கூட்டாமல் ஆண்டு முழுவதும் அதே இரண்டு கிலோ டம்பெல்லைத் தூக்குவது கைவீசி நடப்பதற்குச் சமம். முதல் மாதம் எடை இறங்காது, சற்று ஏறக்கூடும். இந்த வழியின் பெரிய குறை இதுதான்: பலன் நாடாவில் முதலில் தெரிந்து, கருவியில் பிறகுதான் தெரியும், அதற்குள் பொறுமை இழந்து விட்டுவிடுபவர்கள் பலர்.

ஐந்தாவது வழி: திட்டமிட்டு இடைவெளி விடுவது

பற்றாக்குறையைச் சில வாரம் நிறுத்திவிட்டு, எடையை நிலைநிறுத்தும் அளவுக்கு உண்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உடற்பருமன் உள்ள 51 ஆண்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளிவந்த மாட்டடோர் ஆய்வில், ஒரு சாரார் 16 வாரம் தொடர்ந்து குறைத்து உண்டார்கள். மறு சாரார் இரண்டு வாரம் குறைத்து, இரண்டு வாரம் நிலைநிறுத்தி, அதே 16 வாரக் குறைப்பை 30 வாரத்தில் முடித்தார்கள். முன்னவர்கள் 9.1 கிலோவும் பின்னவர்கள் 14.1 கிலோவும் இழந்தார்கள். பின்னர் வலுப் பயிற்சி செய்பவர்களிடம் நடந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில் இத்தகைய வேறுபாடு கிடைக்கவில்லை. எனவே இதை உறுதியான உத்தி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஐந்தாறு மாதம் விடாமல் குறைத்து உண்டு, எரிச்சலும் தூக்கமின்மையும் சோர்வும் மிகுந்துவிட்டவருக்கு வேறெந்த வழியையும்விட இதையே முதலில் சொல்வேன். நம் எடுத்துக்காட்டுப் பெண் இரண்டு வாரம் 1,750 கலோரி உண்ணலாம்; தீபாவளியோ, ஊர்த் திருவிழாவோ, வீட்டுக் கல்யாணமோ வரும் வாரங்களோடு இதைப் பொருத்திக்கொண்டால், எப்படியும் உடையப்போகும் கட்டுப்பாடு திட்டத்தின் பகுதியாகிவிடும். பந்திக்குப் பந்தி உட்காரும் உரிமையாக இதை எடுத்துக்கொண்டால் நான்கு வாரக் குறைப்பு இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும் என்பதால், அளந்து உண்ணும் பழக்கம் இன்னும் வராதவர்களுக்கு இது ஏற்றதல்ல.

யாருக்கு எது

நான்கு வாரச் சராசரி நின்று, இடுப்பும் நின்றிருந்தால், முதல் இரண்டு வாரம் எண்ணெய், தேங்காய், சர்க்கரை, நொறுக்குத்தீனி ஆகியவற்றை அளந்து கசிவை அடைப்பது செலவில்லாத சோதனை; பலருக்குத் தேக்கம் அங்கேயே உடைந்துவிடும். உடையாதவர்களும், ஏற்கெனவே அளந்தே உண்பவர்களும் நான்காவது வழிக்குப் போகலாம். பன்னிரண்டு வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். களைத்துப் போனவர்கள் முதலில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியிலேயே வலுப் பயிற்சியைத் தொடங்கலாம். நன்றாக உண்ணும் காலத்தில் தசைகள் பயிற்சிக்கு நன்றாகவே இணங்கும்.

எடை நின்றதோடு மட்டுமல்லாமல் ஏறவும் தொடங்கி, குளிர் தாங்க முடியாமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு போன்றவையும் சேர்ந்தால் தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனை முதலில் வர வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். செமாகுளூட்டைடு, டிர்செபட்டைடு ஊசிகள் 2025 முதல் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. அவை பசியையே அடக்குவதால் தேக்கம் தள்ளிப்போகிறது, இல்லாமல் போவதில்லை. செமாகுளூட்டைடு ஆய்வில் எடை சராசரியாக 15 விழுக்காடு குறைந்து, ஏறத்தாழ 60 வாரத்தில் நின்றது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசி எடுப்பவர்களுக்கும் தசை கரையும் என்பதால் புரதமும் வலுப் பயிற்சியும் அவர்களுக்கும் தேவைதான்.

ஒப்பீட்டில் பலர் சேர்க்காத ஆறாவது வழி ஒன்றும் உண்டு: தேக்கத்தை உடைக்காமல், அந்த எடையிலேயே ஓராண்டு நிற்பது. எழுபது கிலோவில் நிற்கும் அந்தப் பெண் ஏற்கெனவே தன் எடையில் 10 விழுக்காட்டைக் குறைத்திருக்கிறார். 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உழைப்பையும் இலக்காக வைத்து, நீரிழிவு வருவதை 58 விழுக்காடு குறைத்தது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்விலோ, உணவையும் நடையையும் திருத்தியவர்களிடம் எடை குறிப்பிடும்படி குறையாமலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்து, மூட்டு வலி தணிந்து, வீட்டில் புதிய சமையல் முறையும் பழகிப்போயிருந்தால், 65 கிலோ என்ற எண்ணுக்காக இன்னோர் இறுக்கத்தில் இறங்குவதைவிட, 70 கிலோவை ஒரு கிலோ கூட ஏறாமல் அடுத்த ஆண்டு வரை காப்பதையே அவருக்கு நான் பரிந்துரைப்பேன். அந்த ஓராண்டில் இடுப்பு 80 செ.மீ.க்கு அருகில் வராமலோ, எச்பிஏ1சி (மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரி) இறங்காமலோ இருந்தால் மட்டும், நான்காவது வழியை மீண்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம்.